‘பாஸ்’ என்றால் எந்தப் பாஸ்?

இலங்கைத் தமிழர்கள் நாளாந்தம் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் ‘பாஸ்’ ஒன்று. பரீட்சையில் பாஸ், வங்கியில் பாஸ்புக், வெளிநாடு போகப் பாஸ்போட், இதயத்துக்குப் பைபாஸ், தொலைபேசிக்குப் பாஸ்வேர்ட். ஆனால், போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு பாஸ்தான் நினைவுக்கு வரும். ஊரை விட்டு வெளியே போவதற்கும், ஊருக்குத் திரும்பி வருவதற்கும், முகாமின் வாசலைத் தாண்டுவதற்கும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த துண்டுத்தாள் அது.

நான் கண்டியில் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, சத்தியக்கடதாசி, பழைய கடிதங்கள் என்று பலதும் வரும். வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து வருபவர்கள் “அண்ணை, அந்த நேரத்துப் பாஸ் ஒண்டு இருக்கு, இதையும் இங்கிலிஷில எழுதித் தாங்கோ” என்பார்கள். தெல்தெனிய, ஹேவாஹெட்ட, புஸ்ஸல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் “ஐயா, எங்க தாத்தாவோட பாஸ் ஒன்னு பெட்டியில கெடந்துச்சுங்க” என்று ஒரு பழைய நீலப் புத்தகத்தை நீட்டுவார்கள். இருவரும் சொல்வது ஒரே சொல். கையில் இருப்பதோ முற்றிலும் வேறு வேறு ஆவணங்கள்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வெளிநாடொன்றில் தஞ்சம் கோரிய ஒருவர் தன் வாக்குமூலத்தில் “1997இல் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்தேன்” என்று சொல்லியிருந்தார். அங்கே மொழிபெயர்த்தவர் அந்தப் பாஸைப் ‘பாஸ்போட்’ என்று எழுதிவிட்டார். அதே விண்ணப்பத்தின் இன்னொரு பக்கத்தில், அவருடைய முதலாவது கடவுச்சீட்டு 2008இல் எடுக்கப்பட்டது என்று இருந்தது. அதிகாரி கேட்ட கேள்வி: “1997இல் கடவுச்சீட்டு இருந்ததென்றால் அதை ஏன் மறைத்தீர்கள்?” உண்மை சொன்ன மனிதர், ஒரு சொல்லால் பொய்யர் ஆக்கப்பட்டார். அவருடைய உறவினர்கள் அந்தத் தாள்களை என்னிடம் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் இச்சொல்லின் பொருள்களை ஓரிடத்தில் தொகுத்து எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

சொல்லின் வேர்

லத்தீனில் ‘பஸ்ஸுஸ்’ என்றால் காலடி, எட்டு. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வினைச்சொல் ‘பாஸ்’. கடந்து போதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். பிறகு அதே சொல் கடந்து போகும் இடத்துக்கும் பெயரானது. மலைகளுக்கு நடுவே உள்ள வழி ஒரு பாஸ். மூன்றாவதாக, கடந்து போகலாம் என்று ஒருவர் கொடுக்கும் அனுமதிக்கும் அதுவே பெயராயிற்று. செயல், இடம், அனுமதி ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டால் மற்றப் பொருள்கள் எல்லாம் விளங்கிவிடும். பரீட்சையில் பாஸ் ஆவது ஓர் எல்லையைக் கடப்பது. சட்டமூலம் பாஸ் ஆவது பாராளுமன்றத்தைக் கடப்பது. ஒருவர் காலமானதை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்வதற்கும் இதே சொல்தான்.

தமிழில் இந்த வேலையைச் செய்வது ‘கட’ என்ற அடிச்சொல். கடவு, கடவை, கடப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்து வேலிகளில் ஆள் நுழையும் இடத்தைக் கடப்பு என்பார்கள். ரயில் பாதையைக் குறுக்கறுக்கும் இடம் புகையிரதக் கடவை. பாஸ்போட்டுக்குக் கடவுச்சீட்டு, பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல் என்று பெயர் வைத்தவர்கள் மிகப் பொருத்தமாகவே வைத்திருக்கிறார்கள். ‘கட’வைப் பிறவினையாக்கினால் ‘கடத்து’. அதிலிருந்து பிறந்த ‘கடத்தல்’ எமது செய்திகளில் எந்தப் பொருளில் வந்தது என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆங்கிலப் ‘பாஸ்’ அந்தப் பொருளுக்குப் போகவில்லை.

இடப்பெயரில் பாஸ்: கடுகண்ணாவை

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருபவர்கள் மாவனல்லை தாண்டியதும் ஏறும் வளைவுகள்தான் கடுகண்ணாவைப் பாஸ். தமிழில் கடுகண்ணாவைக் கணவாய். கண்டி இராச்சியம் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் முழுமையாகப் பணியாமல் நீண்டகாலம் நின்றதற்கு இத்தகைய கணவாய்கள் பெரும் துணை. கடுகண்ணாவைக்கு அருகே உள்ள பலன இப்படியான ஒரு காவல் முனை.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்கு வந்த பிறகு, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி எடுத்தார்கள். பழைய குகைவழி இன்றைய வீதியின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. அந்த வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவரது நினைவுக் கோபுரம் மேலே நிற்கிறது. 1867இல் ரயிலும் கண்டியை வந்தடைந்தது. அதே ஆண்டில்தான் ஹேவாஹெட்டப் பக்கத்தில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார்.

வீதி வருவதற்கு முன்பே கண்டியில் பாஸ் முறை இருந்தது. மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு, 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் அதை விவரித்திருக்கிறார். பாதைகளில் முள்ளால் கட்டிய படலைகளும் காவலர்களும் இருந்தார்கள். கடந்து போகிறவர் களிமண்ணில் அச்சிட்ட ஓர் அடையாளத்தைக் காட்ட வேண்டும். போர்வீரன் என்றால் தோளில் ஈட்டி வைத்த ஆளின் உருவம். வேலையாள் என்றால் காவுதடியின் இரு முனையிலும் பை தொங்கும் ஆளின் உருவம். வெள்ளையர் என்றால் கையில் பிரம்பும் இடுப்பில் வாளும் கொண்ட உருவம். படிக்கத் தெரியாத காவலருக்கும் விளங்கும் அனுமதிச்சீட்டு அது. அத்தகைய காவல் கடவைக்குச் சிங்களத்தில் ‘கடவத்த’ என்று பெயர். கண்டி வீதியில் உள்ள கடவத்தை என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது.

நொக்ஸ் கடைசியில் 1679இல் ஊர் ஊராகச் சாமான் விற்பவர்போல வடக்கு நோக்கி நடந்து, அநுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவின் கரையோரமாக மன்னார் அரிப்புக்குத் தப்பிப் போனார். 340க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் வன்னிக் காட்டின் வழியே பாஸ் இல்லாமல் நடந்த ஒரு பயணம் அது.

இடப்பெயரில் பாஸ்: ஆனையிறவு

இலங்கையில் உலகமே அறிந்த இன்னொரு பாஸ் ‘எலிபன்ட் பாஸ்’. மலை எதுவும் இல்லாத இடம். யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கும் ஒடுங்கிய நிலம், இருபுறமும் கடலேரி. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஏற்றுமதிக்காக இந்த வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்பதை இரு மொழிப் பெயர்களுமே சொல்கின்றன.

கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி வழியாக ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் போகும் பாதைதான் ஏ9. முந்நூற்று இருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். யாழ்ப்பாணத்தவர்கள் அதைக் கண்டி வீதி என்பார்கள். ஆனால் 1990 முதல் பல ஆண்டுகள் ‘பாஸ்’ என்று பெயர் பெற்ற அந்த இடத்தின் வழியாகவே பொதுமக்கள் போக முடியவில்லை. ஆனையிறவில் இராணுவ முகாம் இருந்தது. குடாநாட்டு மக்கள் கொம்படி–ஊரியான் வழியாகச் சேற்றிலும் தண்ணீரிலும் நடந்தார்கள். பிறகு கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தார்கள். அந்தக் கடலேரியில் பலர் உயிரிழந்தார்கள். 1991இல் ஆனையிறவில் பெரும் சமர் நடந்தது. 2000 ஏப்ரலில் முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் மீண்டும் கைப்பற்றியது. நடுவில் 2002 போர்நிறுத்தத்தோடு திறக்கப்பட்ட ஏ9 பாதை, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது.

மலையகத்தில்: துண்டு, தகரம், பாஸ்போட்

மலையகத் தமிழரின் வரலாற்றை அவர்கள் கையில் வைத்திருந்த சீட்டுகளின் வரலாறாகவே எழுதலாம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். நொக்ஸ் தப்பிப் போன திசைக்கு எதிர்த்திசை. வழியில் நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் ஏராளம்.

தோட்டத்துக்குள் வந்த பிறகு ‘துண்டு’. ஒரு தொழிலாளியோ கங்காணியின் கூட்டமோ வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவர்கள் பட்ட கடனைப் புதிய தோட்டம் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாள் அது. பெயர் துண்டு என்றாலும், ஆளோடு சேர்த்துக் கடனையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் பத்திரம். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சொல் ஒழியவில்லை. சிறு அனுமதிச்சீட்டைத் ‘துண்டு’ என்று சொல்லும் வழக்கம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. ‘டின் டிக்கட்’ என்பார்கள். தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறு தகட்டைத் தொழிலாளியிடம் கொடுத்துவிடுவார்கள். இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் உடல் பரிசோதனை முடித்து, அந்தத் தகட்டோடு கப்பலேறியவர் வழியில் யாரிடமும் எதுவும் பேசத் தேவையில்லை. அவர் எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதைத் தகடு சொல்லிவிடும்.

பாஸ்போட் என்ற சொல் தோட்டங்களுக்குள் பலமாக நுழைந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. இந்தியப் பாஸ்போட்டுக்கான அலுவல்களுக்கு மக்கள் கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்துக்கு வந்தார்கள். பாஸ்போட் கைக்கு வந்தவர்களைத் தலைமன்னார் வரை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர்.

பொதுவாகக் கடவுச்சீட்டு என்றால் போய்விட்டு வருவதற்கான ஆவணம். இந்த மக்களுக்கு அது திரும்பி வர முடியாமல் அனுப்பும் ஆவணமாக இருந்தது. என்னிடம் வரும் நீலப் புத்தகங்கள் பல, வாங்கியும் போகாமல் இருந்தவர்களுடையவை. 1980களின் நடுப்பகுதியில் போரின் காரணமாகத் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. பாஸ்போட் வாங்கிய பலர் லயத்திலேயே தங்கிவிட்டார்கள். கையில் இந்தியப் பாஸ்போட், வாழ்வது இலங்கையில், வாக்குரிமை எங்கும் இல்லை. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே இவர்களுக்கு இலங்கைக் குடியுரிமைக்கு வழி பிறந்தது.

1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பக்கங்களிலிருந்து வன்னிக்குப் போனவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற குடியேற்றங்களில் மலையகத்திலிருந்து போன குடும்பங்கள் நிறைய. ஒரு தலைமுறைக்கு முன் பாஸ்போட்டுக்காகக் கண்டியில் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள், வன்னியில் இன்னொரு பாஸுக்காக வரிசையில் நின்றார்கள்.

ட்ரெஸ்பாஸ்

இதுவும் பாஸின் கூட்டுச்சொல்தான். எல்லை மீறிக் கடத்தல் என்று பொருள். சட்டத் தமிழில் அத்துமீறி நுழைதல். தோட்டங்களில் இச்சொல்லுக்குப் பெரிய வரலாறு உண்டு. லயம் தோட்டத்தின் சொத்து என்பதால், தொழிலாளியைப் பார்க்க வருபவர் மீதும் தொழிற்சங்கம் அமைக்க வருபவர் மீதும் ட்ரெஸ்பாஸ் குற்றம் சுமத்த முடிந்தது. கோ. நடேசய்யர் புடவை வியாபாரிபோல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போனார் என்பது மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. கண்டி மாவட்டம் மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் பயிற்சிக்கு வந்து, தொழிலாளர் பக்கம் நின்று பேசிய வெள்ளையர் பிரேஸ்கர்டிலை 1937இல் நாடு கடத்த ஆளுநர் உத்தரவிட்டார். நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இன்று வடக்கு, கிழக்கில் தம் சொந்தக் காணியின் வேலியில் ‘உட்பிரவேசிக்கத் தடை’ என்ற பலகையைப் பார்ப்பவர்களுக்கும் இந்தச் சொல் பொருந்தும். காணிக்காரர் யார், அத்துமீறியவர் யார் என்பதைப் பலகை வைத்தவர் தீர்மானிக்கிறார்.

போர்க்காலப் பாஸ்

இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து விதமான ஆவணங்கள் இருக்கின்றன.

முதலாவது, புலிகளின் பாஸ். 1990 முதல் 1995 வரை குடாநாட்டிலும், பிறகு 2009 வரை வன்னியிலும், அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதியை விட்டு வெளியேற வேண்டுமானால் இது வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். இளவயதினருக்குக் கிடைப்பது மிகக் கடினம். போரின் இறுதிக் காலத்தில் கிடைக்காத ஒன்றாகவே ஆனது.

இரண்டாவது, வவுனியாப் பாஸ். 1990களின் பிற்பகுதியில் வன்னியிலிருந்து வந்தவர்கள் வவுனியாவில் தங்குவதற்கும் அங்கிருந்து தெற்கே பஸ்ஸோ ரயிலோ ஏறுவதற்கும் பாதுகாப்புத் தரப்பு கொடுத்தது. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று காலம் வேறுபடும். கண்டி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய நோயாளிக்கும் இது வேண்டும். பாஸின் காலம் முடிவதற்குள் வைத்தியம் முடியாவிட்டால் மறுபடியும் வரிசை.

மூன்றாவது, முகாம் பாஸ். நலன்புரி நிலையம் என்ற பெயரில் இருந்த முகாம்களிலிருந்து சந்தைக்கோ வேலைக்கோ போய்வர வழங்கியது. 2009இல் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் அடைக்கப்பட்டிருந்தபோது பல மாதங்கள் அதுகூட இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில்தான் வெளியே போய்வர அனுமதித்தார்கள்.

நான்காவது, ‘கிளியரன்ஸ்’. 2006இல் ஏ9 மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலிலோ விமானத்திலோ வெளியேற இராணுவத்திடம் பெற வேண்டிய அனுமதி. மக்கள் இதையும் பாஸ் என்றே சொன்னார்கள்.

ஐந்தாவது, மீன்பிடிப் பாஸ். கடலுக்குப் போகும் ஒவ்வொருவரும் கடற்படையிடமோ இராணுவத்திடமோ காட்ட வேண்டியிருந்தது. போர் முடிந்த பின்னும் சில கரைகளில் இது தொடர்ந்தது.

இலங்கை அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை, நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரஜைக்கும் சுதந்திரம் தருகிறது. வவுனியா சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் இந்த உறுப்புரையை வைத்து அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2002இல் உயர் நீதிமன்றம், பாஸ் முறையால் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. பாஸ் எடுத்தவர்களில் எத்தனையோ பேருக்கு இப்படியொரு தீர்ப்பு வந்ததே தெரியாது. தங்கள் கதையை எழுதுபவர்கள் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அந்தத் தாள் எங்களுக்குக் கிடைத்த சலுகை அல்ல, எங்களிடம் ஏற்கெனவே இருந்த உரிமைக்குப் போட்ட பூட்டு என்று உரிமையோடு எழுதலாம்.

பரீட்சைப் பாஸ்

இலங்கையில் எழுத்துத் தமிழில் இது ‘சித்தி’, தமிழ்நாட்டில் ‘தேர்ச்சி’. பெறுபேற்றுத் தாளில் ‘எஸ்’ என்பது சாதாரண சித்தி, ‘சி’ திறமைச் சித்தி. பட்டத்திலும் ‘பாஸ் டிகிரி’ என்று ஒன்று உண்டு. ஒரே பாடத்தில் சிறப்புக் கற்கை இல்லாத பொதுப் பட்டத்தை அப்படிச் சொல்வார்கள். இதை ‘பாஸான பட்டம்’ என்று மொழிபெயர்த்தால் வேலை விண்ணப்பத்தில் பொருளே மாறிவிடும்.

உயர்தரத்தில் பாஸ் ஆவதும் கம்பஸ் கிடைப்பதும் ஒன்றல்ல. 1970களின் தரப்படுத்தலுக்குப் பிறகு இதைத் தமிழ் மாணவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவருக்கு இரண்டு பாஸ் தேவைப்பட்டது. பரீட்சையில் ஒன்று, பாதையில் ஒன்று. முதலாவதைத் தன் மூளையால் பெறலாம். இரண்டாவதுக்கு யாராவது பிணை நிற்க வேண்டும். கண்டிக்கு வந்து அறை வாடகைக்கு எடுத்தால் பொலிஸ் பதிவு வேறு.

வீட்டிலும் வீதியிலும்

பாஸ்புக் என்பது வங்கிச் சேமிப்புப் புத்தகம். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே கைமாறிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் விட்டு வந்த பலர், புத்தகம் போனால் பணமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியல்ல. புத்தகம் கணக்கின் நகல்தான். கணக்கு வங்கியில் இருக்கும். அடையாள அட்டையோடு கிளைக்குப் போய் விசாரிக்கலாம். இறந்தவரின் கணக்கு என்றால் மரணப் பத்திரமும் வாரிசுக்கான ஆவணங்களும் கேட்பார்கள்.

பைபாஸ் வீதி நகரைச் சுற்றிப் போகும் மாற்றுப் பாதை. பைபாஸ் சத்திரசிகிச்சையும் அதே கருத்துத்தான். அடைபட்ட இரத்தக் குழாயைச் சுற்றி இன்னொரு வழி அமைப்பது. பாஸ்வேர்ட் முதலில் காவலரண்களுக்கு உரிய சொல். இருட்டில் வருபவரைக் காவலர் நிறுத்திக் கேட்கும் இரகசியச் சொல் அது. கணினிக்கு வந்தது பிறகு.

தமிழ்நாட்டில் ‘பஸ் பாஸ்’ என்பதை இலங்கையில் ‘சீசன்’ என்கிறோம். ‘லொறியைப் பாஸ் பண்ணிப் போனான்’ என்றால் முந்திச் சென்றான். ‘கம்பஸில் பாஸ் அவுட்’ என்றால் படித்து வெளியேறியவர். டைம்பாஸ் இந்தியாவிலிருந்து சினிமா வழியாக வந்தது.

பாஸ் அல்லாத பாஸ்

தமிழ் எழுத்தில் ஒரே மாதிரித் தெரிந்தாலும் உறவில்லாத சொற்கள் சில இருக்கின்றன. மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று நாம் கைவினைஞரை அழைப்பது ‘பாஸ்’ என்ற டச்சுச் சொல். தலைவன், எசமான் என்று பொருள். ஒல்லாந்தர் காலத்தில் வந்து சிங்களத்திலும் தமிழிலும் தங்கிவிட்டது. ஆங்கிலத்தின் ‘பொஸ்’ பிறந்ததும் அதே டச்சுச் சொல்லில்தான். ஆகவே கண்டியில் சுவர் கட்டும் பாஸும் சென்னைப் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் பாஸும் ஒரே சொல்தான்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கர் ஆடும் பாஸ்கு, போர்த்துக்கேயர் வழியாக வந்த ‘பஸ்கா’. அதன் வேர் எபிரேய மொழியில் இருக்கிறது. ஆங்கிலேயர் அந்தப் பண்டிகைக்குத் தம் மொழியில் பெயர் வைத்தபோது ‘பாஸ்’ என்பதைச் சேர்த்துக்கொண்டதால் உறவுபோலத் தெரிகிறது.

எழுதிக் கொடுக்கும்போது

தஞ்சக் கோரிக்கை, காணாமல் போனோர் முறைப்பாடு, காணி விண்ணப்பம், குடியுரிமை விண்ணப்பம் எதுவானாலும், பாஸ் என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். ஐந்து விடயங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: யார் கொடுத்தார்கள், எங்கிருந்து எங்கே போக, எத்தனை நாளுக்கு, யார் பிணை நின்றார்கள், கடைசியில் அந்தத் தாள் என்னவாயிற்று. திருப்பி வாங்கினார்கள் என்றால் எந்தச் சாவடியில் என்று எழுதுங்கள். திகதி சரியாக நினைவில்லாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். திருவிழா, இடப்பெயர்வு, பிள்ளையின் வயது போன்ற ஒன்றை வைத்து ‘அதற்கு முன்’, ‘அதற்குப் பின்’ என்று எழுதுவது பாதுகாப்பானது.

மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போட்டார் என்று கேளுங்கள். புலிகளின் பாஸ், வவுனியாப் பாஸ் இரண்டும் ‘ட்ரவல் பெர்மிட்’ வகை. கொடுத்த தரப்பின் பெயர் அதற்கு முன்னால் வர வேண்டும். ‘பாஸ்போட்’ என்ற சொல் அரசாங்கம் வெளிநாட்டுப் பயணத்துக்குக் கொடுத்த புத்தகத்துக்கு மட்டுமே. நேர்காணலில் உரைபெயர்ப்பாளர் தமிழ்நாட்டவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவருக்குப் பாஸ் என்றால் பஸ் பாஸ்தான் நினைவுக்கு வரலாம்.

பழைய தாள் இன்னும் வீட்டில் இருந்தால் அதை லெமினேட் செய்ய வேண்டாம். சூடு பட்டால் பழைய மை கெட்டுப்போகலாம்; ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்கவும் முடியாது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். முத்திரைகளும் திகதிகளும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். மலையகத்தில் இருப்பவர்கள் தாத்தா பாட்டியின் இந்தியப் பாஸ்போட்டை, தோட்டத்துப் பதிவுத் தாள்களை, பிறப்புப் பத்திரத்தை ஒரே உறையில் வையுங்கள். இந்தியாவுக்குப் போகாமல் இங்கேயே தொடர்ந்து வாழ்ந்தார்கள் என்பதைக் காட்ட மூன்றும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

இந்தத் தாள்களை எரித்துவிடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அந்த வரிசையும் அந்த வெயிலும் நினைவுக்கு வருகிறது என்கிறார்கள். அது விளங்குகிறது. வைத்திருக்க மனம் இல்லாவிட்டால், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டுக் களிமண் பாஸைப் பற்றி நமக்குத் தெரிவது, அதை ஒருவர் எழுதி வைத்ததால்தான். வவுனியாப் பாஸைப் பற்றி நாளைக்கு ஒருவர் அறிய வேண்டுமென்றால், அதை எடுத்தவர்களிடமிருந்துதான் அறிய முடியும்.